தெருமுனையில் விபத்து தொடர்கிறதா? உள்ளாட்சியிடம் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நீங்கள் குடியிருக்கும் பகுதியின் முச்சந்தியில் அடிக்கடி யாராவது விழுந்து எழுகிறார்கள். பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கிறார்கள். “நகராட்சியில் ஒரு மனு கொடுங்கள்” என்று எல்லோரும் சொல்வார்கள். யாருக்குக் கொடுப்பது, எந்தக் காகிதத்தோடு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். எங்கள் பகுதியின் ஒரு முச்சந்திக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இது தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் இருப்பவர்களுக்கானது. கிராம ஊராட்சியின் நடைமுறை வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனுக்கள் பெரும்பாலும் அலட்சியத்தால் மட்டும் சாவதில்லை. தவறான அலுவலகத்துக்குப் போவதாலும், ஒரு பொறியாளர் செலவு மதிப்பீடாக மாற்ற முடியாத வாசகத்தில் இருப்பதாலும் சாகின்றன. இவை இரண்டும் நம் கையில் இருப்பவை.

1. சாலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

ஊருக்குள் ஓடுகிற சாலையெல்லாம் நகராட்சியின் சாலை அல்ல. உங்கள் ஊரின் கடைவீதியே நெடுஞ்சாலைத் துறையின் சாலையாக இருக்கலாம். பல ஊர்களில் அப்படித்தான் இருக்கிறது. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை மூன்றும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அல்லது நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு. மீதியுள்ள தெருக்களும் உட்புறச் சாலைகளும்தான் உள்ளாட்சிக்கு உரியவை. சென்னையில் பஸ் செல்லும் சாலைகளில் பெரும் பகுதியையும் மாநகராட்சியே பராமரிக்கிறது. அதற்கென்று தனிப் பொறியியல் பிரிவும் இருக்கிறது.

கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லாவிட்டால் வார்டு உதவிப் பொறியாளரிடம் நேரில் கேளுங்கள். “இந்தச் சாலை நம் சாலைப் பதிவேட்டில் இருக்கிறதா?” என்று கேட்டால் ஒரே நிமிடத்தில் பதில் வந்துவிடும்.

சிக்கல் இதோடு முடிவதில்லை. ஒரே இடத்தில் பல துறைகள் நிற்கும். தார் நெடுஞ்சாலைத் துறையுடையது. அதே சாலையின் தெருவிளக்கு நகராட்சியுடையது. விளக்கு தொங்கும் கம்பம் மின்வாரியத்துடையது. சிக்னல் காவல்துறையின் பொறுப்பு. சென்னையாக இருந்தால் சாலை நடுவே உள்ளே இறங்கிப் போன பாதாளச் சாக்கடை மூடி குடிநீர் வாரியத்துடையது. எனவே ஒரு தாளை எடுத்து, உங்கள் முச்சந்தியில் ஆபத்தாக இருக்கும் ஒவ்வொரு பொருளின் எதிரேயும் அதன் சொந்தக்காரரை எழுதுங்கள். ஒரே மனுவில் நான்கு துறைக்கான வேலையைக் கேட்டால் நால்வரும் மற்ற மூவரைக் கை காட்டுவார்கள்.

மின்கம்பம் வழியை மறிக்கிறது என்றால் நீங்களாக மின்வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டாம். கம்பத்தை இடம் மாற்றும் செலவை விண்ணப்பிப்பவர்தான் கட்ட வேண்டும். மதிப்பீட்டுத் தொகையைப் பார்த்தால் தலை சுற்றும். அது சாலைப் பணியின் ஒரு பகுதியாக உள்ளாட்சி வழியாகவே போகட்டும்.

2. என்ன கேட்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

பத்தில் ஒன்பது மனுக்களில் இருக்கும் கோரிக்கை “வேகத்தடை அமைத்துத் தர வேண்டும்” என்பதே. எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை கேட்பது போலத்தான் இது. உங்கள் இடத்தில் வேகம்தான் பிரச்சினையா என்று முதலில் பாருங்கள். திருப்பத்தில் எதிரே வருவது தெரியாமல் மோதுகிறார்கள் என்றால் அங்கே தேவைப்படுவது மறைக்கும் பெட்டிக்கடையையோ பதாகையையோ அகற்றுவதும், குவிகண்ணாடி வைப்பதும்தான். இரவில் மட்டும் விபத்து என்றால் விளக்கும், சாலை ஓரத்தில் வெள்ளைக் கோடும், ஒளிரும் பட்டைகளும் வேண்டும். பாதசாரிகள் அடிபடுகிறார்கள் என்றால் அவர்கள் ஏன் சாலையில் இறங்கி நடக்கிறார்கள் என்று நடைபாதையைப் பாருங்கள்.

வேகத்தடைதான் வேண்டும் என்றால் அதற்கு அளவு இருக்கிறது. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) நெறிமுறைப்படி, வண்டிகள் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய இடத்தில் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, வளைந்த முதுகாக இருக்க வேண்டும். 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும். மேலே கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டியிருக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கேட்டு மனு எழுதுவது காகிதத்துக்குக் கேடு, அமைக்கமாட்டார்கள். ஆம்புலன்ஸ் ஓடும் மருத்துவமனைச் சாலை, பஸ் தடம் ஆகியவற்றிலும் காவல்துறை தயங்கும். அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது.

நடைபாதைக்கும் அளவு உண்டு. எந்த இடையூறும் இல்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும். விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த எண்களை மனுவில் எழுதினால் படிக்கிற பொறியாளரின் முகம் மாறுவதைக் காணலாம். வெறும் புகாராக இருந்த காகிதம் வேலைக்கான குறிப்பாக மாறிவிடுகிறது.

3. ஆதாரம் சேருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மற்றவற்றை ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

முதலில் இடம். “பெரிய தெரு முனையில்” என்று எழுதினால் கள ஆய்வுக்கு வருபவர் வேறு முனையில் நின்றுவிட்டுப் போய்விடுவார். மின்கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வார்டு எண், தெருப் பெயர், கம்ப எண் மூன்றும் இருந்தால் இடம் தப்பாது. கைப்பேசி வரைபடத்தில் கிடைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

அடுத்து வரைபடம். கையால் போட்டால் போதும். சாலையின் அகலம், திருப்பம், பள்ளி வாசல், பஸ் நிறுத்தம், விளக்கு எரியாத கம்பம், விபத்து நடக்கும் புள்ளி ஆகியவற்றைக் குறியுங்கள். சாலை அகலத்தை அளக்க அளவு நாடா போதும். அதிகாலையில் அளந்துவிடுங்கள்.

புகைப்படம் ஐந்தாறு போதும்: பகலில் இரண்டு, இரவில் இரண்டு, பள்ளி நேரத்தில் ஒன்றிரண்டு. ஓட்டுநர் இருக்கும் உயரத்திலிருந்து, அவர் வருகிற திசையில் நின்று எடுங்கள். அவருக்கு எது தெரியவில்லை என்பதுதான் படத்தில் தெரிய வேண்டும். குழந்தைகளின் முகமும் வண்டி எண்ணும் தெரியும் படங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பிறகு விபத்துக் கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். காவல் நிலையத்தில் பதிவானவை மட்டுமே இந்தக் கணக்கில் வரும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்கையில் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர் எந்தக் கணக்கிலும் இல்லை. உள்ளூர்த் தெருக்களில் நடப்பவை பெரும்பாலும் இந்த வகைதான். எனவே இரண்டு வழியில் தேடுங்கள்.

பதிவான வழக்குகளின் எண்ணிக்கைக்கு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். மாநகரமானால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். குறிப்பிட்ட சாலையில் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை விபத்து வழக்குகள், தேதி என்ன, நேரம் என்ன, உயிரிழப்பா காயமா என்று மட்டும் கேளுங்கள். பெயர்களைக் கேட்டால் மறுத்துவிடுவார்கள். நமக்கும் அவை தேவையில்லை.

பதிவாகாதவற்றுக்கு அந்த முனையில் கடை வைத்திருப்பவரைப் பிடியுங்கள். எங்கள் முச்சந்தியில் தேநீர்க் கடைக்காரர் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி, நேரம், வண்டி வகை, காயம் என்று நான்கு கட்டம் போட்டுக் குறித்துக்கொடுத்தார். மழை பெய்ததா என்று ஐந்தாவது கட்டத்தை அவராகவே சேர்த்திருந்தார். கூட்டத்தில் பொறியாளர் அதிக நேரம் புரட்டியது அந்த நோட்டைத்தான்.

சிலர் “உங்கள் இடம் கரும்புள்ளிப் பட்டியலில் இல்லையே” என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அந்தப் பட்டியலின் இலக்கணம் நெடுஞ்சாலைகளுக்காக வந்தது: சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள், அல்லது பத்து உயிரிழப்புகள். தெருமுனை அந்த எண்ணிக்கையை எட்டும்வரை காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இதைப் பணிவாகவே சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள்.

அருகில் பள்ளி இருந்தால் தலைமையாசிரியரின் கடிதம் ஒன்று வாங்குங்கள். பள்ளியின் முத்திரையுள்ள ஒரு பக்கக் கடிதத்துக்கு நூறு கையெழுத்தைவிட மதிப்பு அதிகம். கையெழுத்தும் வாங்குங்கள், அது அலுவலகத்துக்கு அல்ல, வார்டு உறுப்பினருக்கு.

4. மனுவை எழுதுங்கள்

ஒரு மனு, ஒரு பக்கம், ஒரு துறை. முன்னுரை வேண்டாம். “தங்களின் பொன்னான நேரத்தில்” என்று தொடங்கினால் விஷயம் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். பொருள் வரியிலேயே இடமும் கோரிக்கையும் வந்துவிட வேண்டும். மாதிரிக்கு:

“பொருள்: … நகராட்சி, வார்டு எண் …, … தெருவும் … தெருவும் சந்திக்கும் இடம் (மின்கம்பம் எண் … அருகில்) – எச்சரிக்கைப் பலகை, பாதசாரிகள் கடக்கும் கோடு, கூடுதல் தெருவிளக்கு ஆகியவை அமைக்கக் கோருதல் – தொடர்பாக.”

அதன் கீழே நான்கு சிறு பத்திகள்: என்ன நடக்கிறது, எத்தனை முறை நடந்திருக்கிறது, காரணம் என்ன என்று நினைக்கிறீர்கள், என்ன வேண்டும். இறுதியில் இணைப்புகளின் பட்டியல். பெறுநர் நகராட்சி ஆணையர். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். நகல் நகராட்சிப் பொறியாளருக்கும் வார்டு உறுப்பினருக்கும், போக்குவரத்துக் காவல் ஆய்வாளருக்கும்.

கடைசியாக ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: “இவ்விடத்தின் ஆபத்தான நிலை இம்மனு மூலம் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது.” இதற்குக் காரணம் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் உரிய தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சாலையின் அந்த நிலை ஆபத்தானது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்ததா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். முத்திரை போட்ட உங்கள் மனுவின் நகல் அதற்கான சாட்சி. ஆனால் சட்டப் பிரிவை மனுவில் எழுதி மிரட்ட வேண்டாம். மிரட்டும் மனு அலுவலகத்தின் வழக்குகளைப் பார்க்கும் பிரிவுக்குப் போய் அங்கேயே படுத்துக்கொள்ளும். அந்த ஒரு வரியின் பொருள் படிக்க வேண்டியவருக்குப் புரியும்.

5. கொடுக்கும் இடமும் ஒப்புகையும்

மனுவுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர்கள் கேட்பது எழுத்துக் கூலி. நீங்களே எழுதிவிட்டால் அதுவும் மிச்சம்.

அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் பதிவு எண்ணும் வாங்குங்கள். “வைத்துவிட்டுப் போங்கள், ஐயா வந்ததும் பார்ப்பார்” என்பார்கள். எண் இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். வெளியே வந்து ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள். ரசீதையும் திரும்பி வரும் ஒப்புகையையும் மனு நகலோடு பின் செய்து வையுங்கள்.

இணையாக வேறு வழிகளும் உண்டு. சென்னையில் மாநகராட்சியின் 1913 எண். மாநிலம் முழுவதற்கும் முதல்வரின் உதவி மையம் 1100. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு ‘நம்ம சாலை’ செயலி. எரியாத விளக்கு, திறந்து கிடக்கும் மூடி, சாலைப் பள்ளம் போன்ற சிறு பழுதுகளுக்குத் தொலைபேசியும் செயலியும் நன்றாகவே வேலை செய்கின்றன. முச்சந்தியைச் சீரமைப்பது போன்ற பணத்துக்கும் ஒப்புதலுக்கும் உரிய வேலைக்கு அவை போதாது. அங்கே “சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது” என்ற குறுஞ்செய்தியோடு புகார் முடித்துவைக்கப்படும். முடித்துவைத்த தேதியையும் வாசகத்தையும் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

6. வார்டு உறுப்பினரும் பகுதி சபையும்

மனுவைப் பொறியாளர் நகர்த்துவார்; பணத்தை மன்றம் ஒதுக்கும். எனவே வார்டு உறுப்பினரைத் தவிர்த்துவிட்டு எதுவும் நடக்காது. அவர் எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம். போகும்போது இரண்டு பேராகப் போங்கள். கையெழுத்துத் தாளையும் பள்ளிக் கடிதத்தையும் எடுத்துப் போங்கள். அவரையே ஒருமுறை அந்த முனையில் மாலை நான்கரை மணிக்கு வந்து நிற்கச் சொல்லுங்கள்.

தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழு, பகுதி சபை என்ற ஏற்பாடு 2022-இல் வந்த விதிகளின்படி இருக்கிறது. பகுதி சபைக்கு (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் கோரிக்கை சொல்லும் கூட்டம்) ஆள் வருவது குறைவு. பத்துப் பேர் சேர்ந்து போய் ஒரே கோரிக்கையைச் சொன்னால் அது தீர்மானப் பதிவேட்டில் ஏறிவிடும். நீங்கள் சொன்னபடி எழுதப்பட்டிருக்கிறதா என்று கூட்டம் முடியும் முன்பே படித்துப் பாருங்கள். “சாலைப் பிரச்சினை பற்றிப் பேசப்பட்டது” என்று எழுதியிருந்தால் தெருப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. உறுப்பினர் இல்லாத இடைக்காலம் வந்தால் எல்லாம் தனி அலுவலரின் கையில் இருக்கும். அப்போது ஐந்தாம் படியில் வாங்கிய பதிவு எண்தான் உங்களுக்கு ஒரே பிடி.

7. காவல்துறையும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவும்

வேகத்தடை, ஒருவழிப் பாதை, வாகன நிறுத்தத் தடை ஆகியவற்றை நகராட்சி தனியாக முடிவு செய்யத் தயங்கும். போக்குவரத்துக் காவல்துறையின் கருத்தைக் கேட்கும். காவல்துறை “நகராட்சி கடிதம் எழுதட்டும்” என்று சொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவே கோப்பு மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கும். போக்குவரத்துக் காவல் ஆய்வாளரிடம் மனு நகலைக் கொடுத்து, கள ஆய்வு செய்து பரிந்துரையை நகராட்சிக்கு அனுப்பும்படி தனியாக எழுதிக் கேளுங்கள். பரிந்துரைக் கடிதத்தின் எண் கிடைத்தால் அதை நகராட்சிக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். சென்னையில் குடியிருப்புப் பகுதிகளுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு 2023 முதல் இருக்கிறது. அங்கே மனு கொடுப்பவர்கள் அதைக் குறிப்பிடலாம்.

சாலை ஒரு துறை, விளக்கு ஒரு துறை, கம்பம் ஒரு துறை என்று சிக்கியிருந்தால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதுங்கள். காவல்துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலர், நெடுஞ்சாலைப் பொறியாளர், உள்ளாட்சி அலுவலர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது ஒன்றுதான். திங்கட்கிழமைக் கூட்டத்தில் கொடுக்கும் மனுவிலேயே “மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டப் பொருளில் சேர்க்க வேண்டுகிறேன்” என்று எழுதிவிட்டால் போதும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 215-ஆம் பிரிவில் இந்தக் குழுவுக்கு இடம் உண்டு.

8. ஆக்கிரமிப்பு – கவனமாகக் கால் வைக்க வேண்டிய இடம்

நடைபாதை ஆக்கிரமிப்பைப் பற்றிப் புகார் கொடுக்கும் முன் உங்கள் வீட்டு வாசலைப் பாருங்கள். கார் ஏறுவதற்காக நடைபாதையில் நாம் கட்டிய சாய்வுமேடையும் ஆக்கிரமிப்புதான். அதிகாரி அளக்க வரும்போது முதலில் மனுதாரர் வீட்டைத்தான் அளப்பார்.

தள்ளுவண்டிக்காரரையும் நடைபாதையில் ஷட்டர் நீட்டிய கடைக்காரரையும் ஒரே மனுவில் சேர்க்காதீர்கள். தெரு வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அவர்களை அகற்றுவதற்கும் மாற்றிடம் தருவதற்கும் நகர விற்பனைக் குழு என்ற வழி இருக்கிறது. அதைத் தாண்டி யாராவது அகற்றினால் வழக்கு வரும். உங்கள் முச்சந்தி அந்த வழக்கில் மாட்டிக்கொள்ளும். நிரந்தரக் கட்டுமானத்தை மட்டும் புகாரில் எழுதுங்கள். வண்டிக்காரரிடம் நேரில் பேசி, முனையிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்பார்கள், அவர்களுக்கும் அங்கே ஆபத்துதான்.

9. பணமும் காலமும்

மனு ஏற்கப்பட்டால் உதவிப் பொறியாளர் மதிப்பீடு தயாரிப்பார். பிறகு தொழில்நுட்ப ஒப்புதல், நிர்வாக ஒப்புதல், மன்றத் தீர்மானம், டெண்டர், பணி ஆணை. தமிழ்நாட்டு டெண்டர் விதிகளின்படி இரண்டு கோடி ரூபாய் வரையான பணிக்கே விளம்பரத்துக்குப் பிறகு குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். எனவே கோடு போடுவது, பலகை நடுவது போன்ற சிறு வேலைகள் ஓரிரு மாதத்தில் நடக்கலாம். நடைபாதை, முச்சந்திச் சீரமைப்பு என்றால் ஓராண்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனவே சிறு வேலைகளைத் தனி மனுவாகப் பிரித்துக் கொடுங்கள். பெரிய வேலையோடு கட்டிப்போட்டால் ஒரு வெள்ளைக் கோட்டுக்காக ஓராண்டு காத்திருக்க நேரும்.

உள்ளாட்சியின் நிதிநிலை அறிக்கை மார்ச் மாதத்தையொட்டி வரும். பெரிய பணிக்கான மனு அக்டோபர், நவம்பரில் உள்ளே இருந்தால்தான் அந்தப் பட்டியலில் ஏறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தார் வேலை நடக்காது. காகித வேலைக்கு அதுதான் நல்ல பருவம். தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால் புதிய பணிக்கு ஆணை வராது. பணி ஆணை கையில் வரும் நிலையில் இருந்தால் அதற்கு முன்பே துரிதப்படுத்துங்கள்.

நிதி இல்லை என்ற பதில் வந்தால் ‘நமக்கு நாமே’ திட்டத்தைக் கேளுங்கள். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். குடியிருப்போர் சங்கம், வணிகர் சங்கம், பள்ளி மூன்றும் சேர்ந்தால் ஒரு முச்சந்திக்கு அது முடியாத தொகை அல்ல. பணத்தை உள்ளாட்சியின் கணக்கில் மட்டும் செலுத்தி ரசீது வாங்குங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியையும் கேட்டுப் பார்க்கலாம்.

அவசரப்பட்டு நீங்களே சிமென்ட் வாங்கி வேகத்தடை போட்டுவிடாதீர்கள். அனுமதியில்லாத வேகத்தடையில் ஒருவர் விழுந்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

10. பதில் வராவிட்டால்

மனு கொடுத்து இரண்டு மாதத்தில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்துக்குப் போங்கள். கட்டணம் 10 ரூபாய். விண்ணப்பத்தில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாட்களில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. இரண்டாம் மேல்முறையீடு விசாரணைக்கு வர நெடுங்காலம் ஆகும். ஆகவே முதல் இரண்டு கட்டத்திலேயே வேலையை முடிக்கப் பாருங்கள்.

“ஏன் செய்யவில்லை?” என்று கேட்காதீர்கள். காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்:

– இந்தப் பதிவு எண்ணுள்ள என் மனு மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல்
– கள ஆய்வு அறிக்கை, மதிப்பீடு ஆகியவற்றின் நகல்
– இந்தச் சாலை எந்தப் பதிவேட்டில் உள்ளது என்பதற்கான பக்கத்தின் நகல்
– கடைசியாகச் சாலை போட்ட தேதி, ஒப்பந்ததாரர், பழுதுக்கு அவர் பொறுப்பேற்க வேண்டிய காலம்

கடைசிக் கேள்வி மிக முக்கியம். அந்தக் காலம் முடியாமல் இருந்தால் பள்ளத்தை ஒப்பந்ததாரர் தன் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். நிதி இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

பல நேரங்களில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்த வாரமே பொறியாளர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும். “எதற்கு சார் ஆர்டிஐ எல்லாம், நேரில் வந்து சொல்லியிருக்கலாமே” என்பார்கள். போய்ப் பேசுங்கள். ஆனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாதீர்கள்.

11. வேலை நடக்கும்போது அங்கே இருங்கள்

பக்கத்துத் தெருவில் வேகத்தடை வந்த கதையைச் சொல்கிறேன். இரவு பதினொரு மணிக்கு ஒரு டிராக்டரில் தார்க்கலவை வந்தது. நான்கு தொழிலாளர்கள் மண்வெட்டியால் குவித்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அளவு நாடாவும் இல்லை, பொறியாளரும் இல்லை. காலையில் பார்த்தால் ஒன்றரை அடி அகலத்தில் ஒரு கரை. வெள்ளைப் பட்டையோ பலகையோ கிடையாது. முதலில் விழுந்தவர் பால்காரர்; கேன் உருண்டு சாக்கடை வரை போனது. இரண்டு ஓரத்திலும் தண்ணீர் போக விட்டிருந்த இடைவெளியில் இருசக்கர வண்டிகள் வேகம் குறையாமல் வளைந்து நுழைந்தன. அந்த இடைவெளியில்தான் முன்பு பிள்ளைகள் நடந்துகொண்டிருந்தார்கள்.

எனவே பணி ஆணை வந்ததும் அதன் நகலை வாங்கிவையுங்கள். என்ன அளவு, என்ன பொருள், எத்தனை பலகை என்பதெல்லாம் அதனோடு இருக்கும் மதிப்பீட்டில் தெரியும். வேலை நடக்கும் நாளை உதவிப் பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நாடாவோடு போங்கள். வேகத்தடையின் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் உயரம் தெரிந்துவிடும். சாலைக்குப் புதுத் தார் போடுகிறார்கள் என்றால் பழைய தாரைச் சுரண்டி எடுத்தார்களா என்று பாருங்கள். சுரண்டாமல் மேலே மேலே போட்டால் சாலை உயர்ந்து, மூடிகள் பள்ளமாகி, அடுத்த மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரும். கோடு போடும்போது கேட்க வேண்டியது சூட்டில் உருக்கிப் பூசும் தெர்மோபிளாஸ்டிக் வண்ணமா, வெறும் பெயின்டா என்பதை. வெறும் பெயின்ட் சில மாதங்களில் அழிந்துவிடும்.

குறை இருந்தால் தொழிலாளரிடம் வாதாட வேண்டாம். அவருக்குச் சொன்னதை அவர் செய்கிறார். ஒப்பந்ததாரருக்குப் பணம் போக வேண்டுமென்றால் உதவிப் பொறியாளர் அளவுப் புத்தகத்தில் வேலையை அளந்து எழுத வேண்டும், மேலதிகாரி அதைச் சரிபார்க்க வேண்டும். அது முடிவதற்குள் உங்கள் குறைப் பட்டியல், அளவு தெரியும்படி நாடாவை வைத்து எடுத்த புகைப்படத்தோடு, பணி ஆணை எண்ணைக் குறிப்பிட்டு ஆணையருக்குப் போய்விட வேண்டும். இந்தக் கடிதத்துக்கும் தபால் பிரிவில் முத்திரை வாங்குங்கள். ஒப்பந்ததாரருக்கு இறுதித் தொகை போன பிறகு கொடுத்தால் அது புதிய மனு. மறுபடி முதல் படி.